மாலை வைக்கும் கருவிக்கு மூன்று விளக்கங்கள்

2025 பெப்ரவரி 3 – ரூபா 9,000
2025 மார்ச் 3 – ரூபா 14,250
2025 ஏப்ரல் 1 – ரூபா 750

நெல்லியடியில் ஓர் அச்சகத்தில் வேலை செய்யும் கரவெட்டி அருந்ததிக்குக் கனடாவிலுள்ள ஒரு நிறுவனம் அனுப்பிய பணம் இது. படங்களை வெட்டி ஒட்டிப் பக்கம் அமைக்கும் மென்பொருளை இனி ஏஐ தானே ஓட்டுமாம். எந்தக் கருவி என்ன செய்யும், அதை எப்போது எடுக்கலாம், எப்போது தொடக்கூடாது என்று அதற்கு விளங்கும்படி எழுதிக் கொடுக்க வேண்டும். விளக்கம் ஒன்றுக்கு எழுநூற்றைம்பது ரூபா.

அருந்ததி 1998 இல் அச்சுக் கோக்கச் சேர்ந்தவர். பிறகு கணினிக்கு மாறினார். வடமராட்சியில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாளில் கொடுக்கும் நினைவு மலர்களில் எத்தனையோ அவர் கைபட்டுப் போனவை. வெட்டும் கருவி, நிழல் போடும் கருவி எல்லாவற்றுக்கும் விளக்கம் சுலபமாக வந்தது. கடைசியாக மிஞ்சியது மாலை வைக்கும் கருவி. படத்துக்கு மாலை இருந்தால் ஆள் இல்லை என்பது ஊரில் குழந்தைக்கும் தெரியும். ஏஐக்குத் தெரியாது. ஆகவே எழுதினார்: "இறந்தவரின் படத்துக்கு மட்டும் வை. பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் நாடு இருந்தால் அவர் உயிரோடிருப்பவர்." நினைவு மலரில் பிள்ளைகளின் பெயர்கள் அப்படித்தான் வரும்: இன்னார் (கனடா), இன்னார் (லண்டன்).

மார்ச் கடைசியில், அதே ஊர்த் தவராணியின் இறந்துபோன மாமியாருடைய மலரை அச்சகத்தில் ஏஐயிடம் கொடுத்துப் பார்த்தார்கள். நடுப்பக்கத்தில் தாயைச் சுற்றி ஐந்து பிள்ளைகளின் படங்கள். காலஞ்சென்ற மூத்த மகனுக்கு மாலை விழுந்தது, சரி. மூன்றாமவர் ஜெயசுதனுக்கும் விழுந்தது.

ஜெயசுதன் தவராணியின் கணவர். 2012 ஆடி மாதம் அவுஸ்திரேலியாவுக்கென்று படகேறியவர். அதற்குப் பிறகு ஒரு தொலைபேசி அழைப்புக்கூட இல்லை. தவராணி இன்றும் குங்குமப் பொட்டோடுதான் சந்தைக்குப் போகிறார்.

"உது நீங்கள் எழுதினதைத்தான் செய்திருக்கு, அக்கா," என்றார் அச்சக முதலாளி குகதாசன். "ஜெயசுதன்ரை பேருக்குப் பக்கத்திலை நாடு இல்லை."

"நான் எந்த நாட்டைப் போடுறது? கடலையோ?"

மாலை வைத்த பக்கம் தவராணியின் கண்ணில் பட்டுவிடக்கூடாது என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது. அருந்ததி அதை அழித்துவிட்டு, விளக்கத்தைத் திருத்தினார்: "நிச்சயமாகத் தெரியாவிட்டால் நீயாக முடிவு செய்யாதே. கேள்." இதைவிடத் தெளிவாக எழுத முடியாது என்று நினைத்தார்.

அடுத்த நாள் பக்கம் பார்க்கத் தவராணி வந்து பக்கத்துக் கதிரையில் இருந்தார். நடுப்பக்கம் பாதி நிரம்பியதும் திரையில் ஒரு கேள்வி எழுந்தது. "ஜெயசுதன் உயிருடன் இருக்கிறாரா?" கீழே ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள்.

அருந்ததியின் கை மவுஸைத் தேடியது. அதற்குள் தவராணி வாசித்துவிட்டார்.

"உது ஆர் கேக்கிறது?"

"மிசின்தான், தங்கச்சி. அதுக்கு ஒரு கோதாரியும் விளங்காது."

"பதின்மூண்டு வருசமா இந்த ஊரிலை ஒருத்தரும் என்னட்டை உதைக் கேக்கேல்லை. உவருக்கு இப்பதான் ஞாபகம் வந்திருக்கு." தவராணி திரையை இன்னும் கிட்டப் போய்ப் பார்த்தார். "ரெண்டு கட்டந்தானோ? வேறை ஒண்டும் இல்லையோ?"

"இல்லை."

"அப்ப படத்தை இருக்கிற மாதிரி விடுங்கோ, அக்கா."

மலர் அப்படியே அச்சாகி, முப்பத்தோராம் நாளுக்குப் போய்ச் சேர்ந்தது. ஜெயசுதனுக்கு மாலையும் இல்லை, நாடும் இல்லை.

அருந்ததிக்குத்தான் குழப்பம் தீரவில்லை. ஒருத்தரும் கேட்கவில்லை என்று தவராணி சொன்னது குறையா, ஆறுதலா? சந்தையில் கத்தரிக்காய் விலையைக் கேட்டுவிட்டு வாங்க மறந்து, பாதி வழி சைக்கிளில் வந்து திரும்பிப் போனார். கேட்காமல் மாலை வைத்த முதல் விளக்கம் பிழையா? கேள்வி கேட்கச் சொன்ன இரண்டாவது பிழையா? யோசித்து மூன்றாவதை எழுதி அனுப்பினார்: "பெயருக்கு முன் காலஞ்சென்ற என்று இருந்தால் மட்டும் வை. இல்லாவிட்டால் வைக்காதே. கேட்கவும் வேண்டாம்."

நிறுவனம் திருப்பி எழுதியது: தெரியாத இடத்தில் கேட்பதே எங்கள் விதி. கடைசி வசனத்துக்குக் காரணம் என்ன?

"சனத்துக்கு மனவருத்தம் எண்டு போட்டு விடுங்கோவன்," என்றார் குகதாசன்.

"வருத்தம் அவளுக்கோ எங்களுக்கோ எண்டு எனக்கே தெரியேல்லை. தெரியாததை எப்பிடி எழுதுறது?"

மூன்று நாள் வைத்திருந்து, ஒரே வரியில் பதில் போட்டார்: "காரணம் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. வசனம் இருக்கட்டும்."

நிறுவனத்தின் கடைசிக் கடிதம் மின்னஞ்சலில் வந்தது. விளக்கத்தை ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள், கடைசி வசனத்தை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். குடும்பத்தாரிடம் கேட்க வேண்டாம், பக்கம் அமைப்பவரிடம் கேள் என்று. இனி இப்படி யாருடைய பெயர் வந்தாலும், அந்த இரண்டு கட்டங்களும் அருந்ததி தனியாக இருக்கும்போது அவருடைய திரைக்கு வரும். எதை அழுத்துவது என்று குகதாசனிடம் கேட்டார், அவருக்கும் தெரியவில்லை. கடிதம் வந்தது 2025 மே 9, வெள்ளிக்கிழமை.