மதினி பிடித்த வளையம்

நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவே கூசுவேன். அப்படிப்பட்டவள் எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். ஓர் இரும்பு வளையத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது, என்னை விட்டால் சொல்ல ஆளில்லை. நாங்கள் பிழைக்க வந்த மராட்டி ஊரான பிம்ப்ரிக்குப் பக்கத்தில் ஆற்றங்கரைச் சிவன் கோயில் ஒன்றின் படித்துறையில், தண்ணீர் தொடும் இடத்தில் அது கல்லோடு கல்லாகப் பதிந்திருந்தது. எந்தக் காலத்திலோ படகு கட்டியதாம். வெளிப்புறம் துருவேறி, கைபடும் உட்புறம் மட்டும் வழுவழுவென்று இருக்கும். என் வீட்டுக்காரரின் அக்காவை எங்கள் திருநெல்வேலி வழக்கப்படி மதினி என்றுதான் கூப்பிடுவேன். தண்ணீர் என்றால் பயந்து சாகிற அந்த மதினி, ஆடி அமாவாசைக்கு அந்த வளையத்தை இடது கையால் இறுகப் பிடித்துக்கொண்டு முங்குவது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

மதினியின் வீட்டுக்காரர் சாகண் பக்கம் ஒரு கம்பெனியில் பிரஸ் மெஷின் ஓட்டியவர். நெஞ்சு வலி என்று ஷிப்ட் முடிந்து வந்து படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அஸ்தியைத் தாமிரபரணிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று ஊரிலிருந்து சொன்னார்கள். மதினி ஒப்பவில்லை. "அவுக பொழச்சது இங்க, போய்ச் சேந்தது இங்க. என் கண்ணுக்கு எட்டுத எடத்துல கெடக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். அந்த வளையத்துக்கு அருகில்தான் என் வீட்டுக்காரர் அஸ்தியைக் கரைத்தார். மழைக்கால ஆறு செம்மண் நிறத்தில் சுழித்துக்கொண்டு போனது. மதினி வளையத்தைப் பிடித்தபடி, அஸ்திப் பானை உருண்டு மறைகிற வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் நானும் கூடப் போவேன். அழுகை எல்லாம் இருக்காது. முங்கி எழுந்ததும், நனைந்த தலையோடு, அந்த வருஷத்துச் சங்கதி எல்லாவற்றையும் மதினி ஆற்றைப் பார்த்து ஒப்பிப்பார். "ஏங்க, உங்க தங்கச்சி மவ கோயம்புத்தூர்க்காரனைக் கட்டிக்கிட்டா. பய நல்லவன்தான், முடிதான் கொஞ்சம் கம்மி. மேல் வீட்டுக்காரன் இந்த வருசமும் குழாயச் சரி பண்ணல. நீங்க இருந்தா மட்டும் கேட்டிருப்பீகளாக்கும்? அங்கயும் படுத்துத்தான் கெடப்பீக." இந்த அம்மா யாரோடு சண்டை போடுகிறது என்று படியில் பூ விற்கிற மராட்டிக்காரி கேட்பாள். "ஹமாரா ஆத்மி. சுன்தா நஹீ" என்பார் மதினி. என் புருஷன், சொன்னதைக் கேட்பதே இல்லை என்று அர்த்தம். பூக்காரி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

ஒருமுறை சேலையைப் பிழிந்துகொண்டே என்னிடம் சொன்னார்: "ஏளா, என்னையும் இந்த வளையத்துப் பக்கமே விட்டுருங்க. வேற எங்கயாச்சும் விட்டீங்கன்னா, இந்த வயசுல அவுகளத் தேடிக்கிட்டுத் திரிய என்னால ஆவாது." விளையாட்டாகச் சொல்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். விளையாட்டில்லை. சரி மதினி என்றேன்.

பிறகு கரையை அழகுபடுத்தப் போகிறார்கள் என்று தகரம் வைத்து அடைத்தார்கள். தகரத்தின்மேல் பெரிய படம். விளக்கு வரிசை, ஆரத்தி காட்டும் பூசாரிகள், ஐஸ்கிரீமோடு ஒரு குடும்பம். என்னைவிட மதினிக்குத்தான் சந்தோஷம். வழுக்காத படி வரும், பிடித்துக்கொள்ளக் கம்பி வரும் என்று எல்லோரிடமும் சொன்னார். ஆனாலும் மனசு கேட்காமல் ஒருநாள் என்னை இழுத்துக்கொண்டு போய், தகரத்துக்கு வெளியே நின்ற இளம் இன்ஜினியரிடம் வளையத்தைப் பற்றி விசாரித்தார். அவன் மரியாதையான பையன். "சப் ரஹேகா மௌசி" என்றான். எல்லாம் இருக்கும் சித்தி. அந்த வார்த்தையை மதினி வீடு வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தார்.

அவன் சொன்னபடியே வளையம் இருந்தது. திறப்பு விழா முடிந்து வந்த ஆடி அமாவாசைக்கு நாங்கள் போனபோது, மேலே நடைபாதையில் பளிங்கு மேடை கட்டி, வளையத்தைச் சுரண்டிக் கறுப்புப் பெயிண்ட் அடித்து நிறுத்தியிருந்தார்கள். பக்கத்தில் மூன்று மொழியில் பலகை, சுற்றிலும் சங்கிலி. ஆறு வெகு கீழே, சுவருக்கும் கம்பிக்கும் அப்பால் ஓடியது. இறங்க வழியில்லை. கரை சுத்தமாகத்தான் இருந்தது, சக்கர நாற்காலியில் வந்த முதியவர்கள்கூடக் காற்று வாங்கிக்கொண்டிருந்தார்கள். குறை என்று யாரிடம் போய்ச் சொல்வது? மதினி சங்கிலிக்கு மேலே கையை நீட்டி வளையத்தைத் தொட்டார். காவலாளி விசில் ஊதினான். கையை எடுத்துக்கொண்டு, "வளையம் மேல வந்துட்டு. அவுக கீழ கெடக்காக" என்றார். அந்த வருஷத்துச் சங்கதி எதையும் ஆற்றிடம் சொல்லவில்லை. கம்பி ஓரமாக நின்று சொல்லுங்கள் மதினி என்றேன். "இம்புட்டுத் தூரத்துல இருந்து கத்துனா ஊரே கேக்கும், அவுகளுக்குக் கேக்காது" என்றார். அதற்கு அடுத்த ஆடி அமாவாசைக்குக் கூப்பிட்டபோது முழங்கால் வலி என்று வரவில்லை.

போன மழைக்காலத்தில் மதினி போய்ச் சேர்ந்தார். அஸ்தியோடு போனால், ஆற்றில் கரைக்கக் கூடாது, கோயிலை ஒட்டிக் கட்டியிருக்கிற தொட்டியில்தான் கரைக்க வேண்டும் என்றார்கள். வேறு எங்காவது பாலத்தடியில் போகலாமா என்றார் என் வீட்டுக்காரர். பழைய படித்துறை இருந்த இடத்துக்கு அந்தத் தொட்டிதான் பக்கம் என்றேன். இந்தத் தண்ணீரும் ஆற்றுக்குத்தான் போகும் என்று காவலாளி சொன்னான். அவன் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை, அவனுக்கும் யாராவது அப்படிச் சொல்லியிருப்பார்கள். நீல ஓடு பதித்த அந்தத் தொட்டியில் தண்ணீர் அசையவே இல்லை. மதினி விழுந்த இடத்திலேயே கிடந்தார். திரும்பி வரும்போது, வளையத்தின் முன்னால் ஒரு குடும்பம் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. அவர்கள் எடுத்து முடிக்கும் வரை ஒதுங்கி நின்றோம். உட்புறத்து வழுவழுப்பின்மேலும் பெயிண்ட் அடித்திருந்தார்கள்.

மறுநாள் காலை பால் ஊற்றப் போனேன். லாரி ஒன்று குழாய் போட்டுத் தொட்டித் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டிருந்தது. நிரம்பியதும் ஆற்றுப் பக்கம் திரும்பாமல் மெயின் ரோட்டுப் பக்கம் போய்விட்டது. தொட்டியைக் கழுவிப் புதுத் தண்ணீர் விட்டார்கள். பாலை வீட்டுக்கே திரும்பக் கொண்டுவந்தேன்.