சட்டையோடு நின்ற ஒரே ஆள்

நெஞ்சில் வெண்திட்டுகள் பரவத் தொடங்கியதும் நான் கோயிலுக்குள் போவதை நிறுத்திவிட்டேன். எங்கள் கோயிலில் ஆண்கள் சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போகவேண்டும். மனைவி கும்பிட்டு வரும்வரை காருக்குள் இருப்பேன். யாராவது கேட்டால், "பார்க்கிங் கிடைக்கேல்லை" என்பேன்.

நீந்தப் போனாலும் முழுக்கைச் சட்டைதான். ஆனால் குளோரின் தோலை எரிக்கும். அதனால் கிழக்கு லண்டனில் ஒரு நீச்சல்குளத்தில் 'நேச்சரிஸ்ட் நீச்சல்' என்று கண்டதும், மருந்து கலக்காத இயற்கைத் தண்ணீராக்கும் என்று நம்பிப் பதிந்துகொண்டேன்.

உள்ளே போனவன் விறைத்து நின்றேன். ஆணும் பெண்ணுமாக அத்தனை பேர். ஒருவர் உடம்பிலும் ஒட்டுத்துணி இல்லை! தொங்கும் வயிறுகள், தழும்புகள், ஒரு மார்பு இல்லாத பெண். கண்ணை எங்கே வைப்பதென்று தெரியாமல் கூரையைப் பார்த்தேன்.

"அண்ணை, தமிழோ?"

தூக்கிவாரிப் போட்டது. தண்ணீருக்குள் நம்மவர் ஒருவர்! முதுகு முழுக்கத் தீக்காயத் தழும்பு.

"ஓம்... நேச்சரிஸ்ட் எண்டா உடுப்பில்லாமல் எண்டு தெரியாமல் வந்திட்டன்."

அவர் சிரித்தார். "சட்டையோட நிண்டா எல்லாரும் உங்களைத்தான் பாப்பினம். கழட்டினா ஒருத்தரும் பாக்க மாட்டினம்."

முதலில் சட்டையை, பிறகு மிச்சத்தையும் கழற்றினேன். ஒரு தலைகூடத் திரும்பவில்லை. அன்று என்னை உண்மையில் உலுக்கியது அதுதான். இத்தனை வருடமும் காருக்குள் யாருக்கு ஒளித்திருந்தேன்?

அடுத்த வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டேன். தெரிந்தவர் ஒருவர் பதறிப்போய், "ஐயோ, நெஞ்சில என்னது?" என்றார்.

"தோல்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.