கையில் இருந்த கருப்பட்டியும் தணலில் வெந்த கோழியும்

இரத்தோட்டைக்கு மேலே மலையில் எங்கள் தேயிலைத் தோட்டம். அன்று பஸ்ஸை விட்டு இறங்கி, நாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளுக்கு ஏறி வந்துகொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுச் செல்லம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்னக்கா, ஒத்தச் செருப்போட எங்க ஊர்வலம்?"

குனிந்து பார்த்தேன். வலது கால் வெறுங்காலாக இருந்தது. செருப்பு எந்த இடத்தில் கழன்றது என்று தெரியவில்லை. பஞ்சின் மேல் நடந்து வந்ததுபோலத்தான் இருந்தது. பெருவிரலின் அடியில் ஒரு புண். அதுவும் வலிக்கவில்லை. வலிக்காததால் ஒன்றுமில்லை என்று விட்டுவிட்டேன். இதைப் படிக்கிறவர்கள் அப்படி விட்டுவிடாதீர்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, நரம்பு மரத்தல் (சீனி வருத்தம், அதாவது சர்க்கரை நோய், முற்றிக் காலில் உணர்ச்சி போவது) என்றார்.

"ஒரு மாசம் பாப்போம். சீனி இறங்கலன்னா புண் ஆறாது. விரல எடுக்க வேண்டி வரும்."

முப்பத்தெட்டு வருடம் இந்தக் காலால் மலை ஏறிக் கொழுந்து பறித்தவள் நான். எந்தக் கங்காணியும் என்னைப் பார்த்து 'சுருக்க ஏறு' என்று சொன்னதில்லை. விரலைக் கொடுத்துவிட்டு வருவேனா?

இரண்டு கிழமை, அதாவது பதினாலு நாள், கழித்துப் போனபோது சீனி இறங்கவே இல்லை.

"சீனிய நிப்பாட்டினீங்களா அம்மா?"

"அன்னைக்கே நிப்பாட்டிட்டேங்க. பிளேன்டீல ஒரு மணி சீனி கெடையாது."

கூட வந்திருந்த மருமகள் தேவி குறுக்கே பேசினாள். "டீயில இல்லதான். கையில இருக்கே மாமி."

எங்கள் பக்கம் கித்துள் மரத்துக் கருப்பட்டியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, ஒரு கடி ஒரு மிடறு என்று குடிப்போம். கோப்பைக்குள் போடாதது சீனியில் சேராது என்று உண்மையாகவே நம்பியிருந்தேன்.

"அதுவும் சீனிதான் அம்மா. மூணு வேளை ரொட்டியும் உள்ள போயி சீனியாத்தான் ஆகுது. மிச்சம் ரெண்டு கிழமைதான் இருக்கு."

இனி அரைத் தட்டு மரக்கறி, கொழுப்பில்லாத இறைச்சி கொஞ்சம், சோறு ஒரு சின்னக் கைப்பிடி என்று சொல்லி அனுப்பினார். மாத்திரையும் புண்ணுக்குக் கட்டும் வழக்கம்போல. தேவி எல்லாவற்றையும் அவித்து வைத்தாள்.

"இத நாய்க்கு வை" என்றேன்.

"அதுவும் மோந்து பாத்துட்டுப் போயிருச்சு மாமி."

மறுநாள் நானே அடுப்படிக்குப் போனேன். கோழியின் தோலை உரித்தேன். மிளகு, மஞ்சள், பூண்டு, தேசிக்காய் (எலுமிச்சை) புளி தடவி ஊறவிட்டேன். மண்சட்டியின் அடியில் கறுவாப்பட்டை மரத்து இலை பரப்பி, அதன்மேல் கரட், போஞ்சி (பீன்ஸ்), ஒரு துண்டு பூசணி, எல்லாவற்றுக்கும் மேலே கோழி. ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது. சட்டிக்குக் கீழே தணல், மூடிக்கு மேலேயும் தணல். தணல் அள்ளுவது தேவி. மரத்த காலோடு நெருப்பிடம் போகக்கூடாது.

பிறகு காத்திருப்பதுதான் வேலை. ரிவர்ஸ்டன் மலைப் பக்கமிருந்து பனி இறங்கி ஜன்னலுக்குள் வந்தது. சட்டிக்குள் கோழி தன் நீரிலேயே மெல்ல முணுமுணுத்தது. கறுவா வாசம் பனியோடு கலந்து வீடெங்கும் நின்றது. நான் உட்கார்ந்திருக்கிறேனா, மிதக்கிறேனா என்று தெரியவில்லை. வேலைக்குப் போன காலத்தில் சோற்றை விழுங்கிவிட்டு ஓடுவேன். அன்று ஒரு பூசணித் துண்டின் ஓரம் கருகிய இனிப்பை வாயில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேனோ.

கிழமையில் நாலு நாள் அதே சட்டி. கருப்பட்டி டப்பாவைச் செல்லம்மா வீட்டில் கொடுத்துவிட்டேன். மாதம் முடிந்த அன்று டாக்டரம்மா புண்ணைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஓரம் ஒண்ணு கூடி வருது. விரல் இருக்கட்டும்" என்றார். முழுக்க மூட மேலும் இரண்டு மாதம் ஆனது.

புண்ணின் கட்டை அவிழ்த்த அன்று தேவி விரலைக் கிள்ளினாள்.

"தெரியுதா மாமி?"

"இல்ல."

"இப்ப?"

"இல்லடி. ஆனா இருக்கு."

உணர்ச்சி திரும்பாது என்று சொல்லிவிட்டார்கள். உள்ளங்காலுக்குக் கண்ணாடி பிடித்துப் பார்த்துத்தான் அதை நலம் விசாரிக்கிறேன். வேறு யாரோ என்னிடம் விட்டுப்போன பிள்ளையைப்போல் அந்த விரலைத் தினமும் கழுவி, ஈரம் ஒற்றி எடுக்கிறேன். அவசரமே இல்லை. அது அழாது, நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.