புக்கிட் தீமா உச்சியில் விடியலும் ஒரு கண் சோதனையும்

ஒரு சீன அம்மாள் தன் மகள் கல்யாணத்துக்குச் சிவப்புப் பட்டு கேட்டாள். நான் பச்சைப் பட்டை எடுத்து, கெஜம் போட்டு, கிழித்து, மடித்து, "இதைவிட நல்ல சிவப்பு இந்தச் சிராங்கூன் ரோட்டிலேயே கிடைக்காது" என்று உத்தரவாதமும் கொடுத்து நீட்டினேன். அந்த அம்மாள் போட்ட சத்தத்தில் வெளியே நின்ற ரிக்‌ஷாக்காரர்கள் எல்லாம் உள்ளே வந்துவிட்டார்கள். இத்தனைக்கும் துணிக்கடையில் எனக்குப் பல வருட அனுபவம். நடந்தது இதுதான்: முந்தின நாள் வெள்ளையடிப்பதற்காக அலமாரிகளைக் காலி செய்து, திரும்ப அடுக்கும்போது இடம் மாற்றி அடுக்கிவிட்டார்கள். நான் இத்தனை காலமும் நிறத்தைப் பார்த்து விற்கவில்லை, இடத்தைப் பார்த்துத்தான் விற்றுவந்தேன் என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

வீட்டில் பிள்ளைகளிடம் "தூக்கக் கலக்கம்" என்று சொல்லிவிட்டேன். ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போடும் டிரசராக இருக்கும் நண்பரிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்காமல் கேட்டார். "சில ஆம்பளைங்களுக்குச் சிவப்பும் பச்சையும் ஒண்ணாத்தான் தெரியும். பிறவியிலேயே அப்படி. குடும்பத்துல வேற யாருக்காவதுகூட இருக்கலாம்" என்றார்.

என் கண்ணைப் பற்றிய கவலை அந்த நிமிடமே போய்விட்டது. என் மூத்த மகன் காசிமுக்குப் பத்தொன்பது வயது. ரயிலில் கொடி காட்டும் வேலைக்கு மனுப் போட்டு, அடுத்த வாரம் கண் சோதனைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். பல நிற நூல்கண்டுகளை மேசையில் கொட்டி, சிவப்பைப் பொறுக்கு, பச்சையைப் பொறுக்கு என்பார்களாம். அந்த வேலைக்காக அவன் ஒரு வருடம் காத்திருந்தான்.

என் வீட்டுக்காரியிடமும் விஷயத்தைச் சொல்லி, வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம் என்றால், "பரீட்சைக்கு முன்னாடியே பிள்ளையைப் பயமுறுத்தாதீங்க" என்று தடுத்துவிட்டாள். அதனால்தான் படம் எடுக்கும் யோசனை வந்தது. போட்டோ கடை வைத்திருக்கும் ஒரு சிநேகிதரிடம் படப்பெட்டியையும் அதை நிறுத்தும் முக்காலியையும் இரண்டு கண்ணாடித் தகடுகளையும் இரவல் வாங்கினேன். புக்கிட் தீமா உச்சியிலிருந்து சூரிய உதயத்தைப் படம் பிடிப்பது. தகட்டில் கறுப்பும் வெள்ளையும்தானே விழும், அதனால் எந்த இடத்தில் என்ன நிறம் என்று காசிம் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொள்வது. பிறகு படத்துக்குச் சாயம் தீட்டுவது. இப்படித்தான் அவனிடம் சொன்னேன். அவனும் நம்பினான்.

மழைக்காலம் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடியற்காலை மூன்று மணிக்குக் குதிரைவண்டியில் கிளம்பினோம். போக வர வாடகை மூன்று வெள்ளி. வண்டிக்காரர் முத்துக்கருப்பன் சேலத்துக்காரர். ஏழு மைலும் வாய் ஓயவில்லை; பேச்சில் இந்த ஊர் 'லா' வேறு.

"என்ன பாய், சூரியனைப் பார்க்க இவ்வளவு தூரமா? உங்க வீட்டுக் கூரைமேல வராதா?"

"மலைமேல பார்க்கிறது வேற மாதிரி, முத்துக்கருப்பன்."

"இது மலையா? எங்க சேர்வராயன் மலை காதுல விழுந்தா கோவிச்சுக்கும் லா."

அடிவாரத்துக்குப் போய்ச் சேரும்போது மணி ஐந்து. ஒரு சீனர் காப்பிக்கடையில் விளக்கு எரிந்தது. நானும் காசிமும் ஓடையில் கைகால் கழுவி ஒளு செய்து, விடியல் தொழுகையான சுபுஹு தொழுதோம். அதற்குப் பிறகுதான் என் திட்டத்தில் இருந்த பெரிய ஓட்டை எனக்கு உறைத்தது. பையன் நிறத்தைச் சொல்வான், சரி. சொன்னது சரியா தப்பா என்று பார்ப்பது யார்? விடை தெரியாத வாத்தியார் பரீட்சை வைக்கப் போனால் இப்படித்தான்.

முத்துக்கருப்பனைத் தனியே அழைத்து விஷயத்தைச் சொன்னேன். மேலே வந்தால் அரை வெள்ளி சேர்த்துத் தருவதாகவும் சொன்னேன்.

"வாத்தியார் வேலைக்கு அரை வெள்ளி பத்தாது பாய்" என்றார். ஆனாலும் குதிரையைக் காப்பிக்கடைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு வந்தார்.

உச்சிக்குப் பாதை உண்டு. அரை மணி நேர ஏற்றம். முக்காலியைக் காசிம் தூக்கிக்கொண்டான், பெட்டியை நான் தூக்கினேன். புலியைப் பற்றிய கதைகளை முத்துக்கருப்பன் தூக்கிவந்தார். புலி வரவில்லை, அட்டைகள் வந்தன.

உச்சியில் மரங்கள் விலகிய ஓர் இடம் இருக்கிறது. வடக்கே ஜொகூர் மலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்க, அவற்றின் இடுப்புவரை மூடுபனி. மேற்கே ஜூரோங் பக்கம் முழுக்கக் காடு, இன்னும் இருட்டு. கிழக்கே கடல் இருக்கும் திசையில் வெளிச்சம் கசிந்தது. முக்காலியை ஊன்றி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டேன். கண்ணாடியில் உலகம் தலைகீழாகத் தெரிந்தது.

"சொல்லுடா காசிம்."

"அடியில நல்ல சிவப்பு வாப்பா. அதுக்கு மேல கிச்சிலிப்பழ நிறம்."

"கிச்சிலியா? தம்பி, அது செங்கல் நிறம் லா" என்றார் முத்துக்கருப்பன்.

"செங்கல் கீழ இருக்கு அண்ணே. நான் மேல சொல்றேன்."

"மேல ரோசாப்பூ" என்றார் அவர்.

"ரோசாப்பூ எங்க இருக்கு? ஊதா!"

"ஊதாவா? கண்ணைத் தொடைச்சுட்டுப் பாரு!"

துணிக்குள்ளேயே எனக்கு வியர்த்துவிட்டது. தலையை வெளியே எடுத்து நானும் பார்த்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் மேலே நீலம், கீழே மஞ்சள், நடுவில் கலங்கிய தண்ணீர் போல ஏதோ ஒன்று. இதை வைத்து யாருக்குத் தீர்ப்புச் சொல்வது? முத்துக்கருப்பனை ஒரு மரத்துப் பக்கம் இழுத்துக்கொண்டு போனேன்.

"பையன் சரியாச் சொல்றானா இல்லையா?"

"தப்பாத்தான் சொல்றான் பாய்." கொஞ்சம் யோசித்தார். "ஆனா நான் சொல்றதும் தப்பா இருக்கலாம். வானம் ஒரு இடத்துல நிக்கவே மாட்டேங்குது. நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள மாறிடுது லா."

இந்தப் பஞ்சாயத்தில் முதல் தகட்டை வெளிச்சம் படாமல் மூடியிருக்கும் மறைப்பை இழுக்க மறந்தே படம் எடுத்திருக்கிறேன். இரண்டாவதில் மறைப்பை இழுத்தேன். அதற்குள் சூரியன் மேலே வந்து, எல்லாவற்றையும் வெளுத்துவிட்டது.

இறங்கிய வழியெல்லாம் முத்துக்கருப்பன் 'தப்பு' என்று சொன்னதுதான் காதில் இருந்தது. அடுத்த வாரம் நூல்கண்டு மேசைக்கு முன்னால் பையன் நிற்பதையும், யாரோ ஒரு துரை தலையை ஆட்டுவதையும் நினைத்துக்கொண்டே நடந்தேன். ஒரு வருடக் காத்திருப்பு. அதை என் கண் கெடுத்துவிடுமோ?

அடிவாரத்தில், வண்டி நின்ற இடத்தில், மலாய்க்காரர்கள் சாகா என்று சொல்லும் ஒரு பெரிய மரம். நம்மவர்கள் ஆனைக்குன்றிமணி என்பார்கள். காசிம் திடீரென்று குனிந்து புல்லிலிருந்து எதையோ பொறுக்க ஆரம்பித்தான். தங்கச்சிக்கு விளையாட வேண்டுமாம்.

"என்னடா அது?"

"சாகா கொட்டை வாப்பா. எவ்வளவு கிடக்கு பாருங்க."

நான் பார்த்தேன். புல், சருகு, மண். அவ்வளவுதான்.

"எங்கேடா?"

"நீங்க மிதிச்சுட்டுத்தான் நிக்கிறீங்க."

காலைத் தூக்கினேன். அப்போதும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவன் தேடக்கூட இல்லை. கோழி தானியம் கொத்துவது போல வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் இரண்டு என்று விறுவிறுவென்று எடுத்துக்கொண்டே போனான். பச்சைப் புல்லில் கிடந்த சிவப்பெல்லாம் அவன் கைக்குப் போயிற்று.

இதைக் காப்பிக் கோப்பையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்த முத்துக்கருப்பன், "பாய்! பரீட்சை பாஸ்!" என்று கத்திவிட்டார்.

"என்ன பரீட்சை அண்ணே?" என்றான் காசிம்.

"குதிரைக்கு லா" என்றார், கண்ணை இமைக்காமல்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். ஐந்தேகாலுக்குள் ஏற ஆரம்பித்துவிடுங்கள். ஆறு மணிக்குச் சூரியன் வந்துவிடும், ஆனால் நல்ல நிறமெல்லாம் அதற்கு முன்பே வந்து போய்விடுகிறது என்று நம்பத்தக்கவர்கள் இருவர் சொல்கிறார்கள். காலில் புகையிலைத் தண்ணீர் தடவிக்கொண்டால் அட்டை ஏறாது. ரயிலில் போனால் செலவு குறைவுதான், ஆனால் விடியலுக்கு முன் உங்களைக் கொண்டுபோய் விடும் வண்டி கிடையாது. தகட்டின் மறைப்பை இழுத்தீர்களா என்று ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். நிறம் சொல்வதற்கு ஒருவரை மட்டும் அழைத்துப் போங்கள். இரண்டு பேரை அழைத்துப் போனால் சூரியன் காத்திருக்காது. காசிம் நூல்கண்டுச் சோதனையில் தேறி, இப்போது வேலையில் இருக்கிறான். எங்கள் படத்துக்கு இன்னும் சாயம் தீட்டவில்லை.

திரும்பி வரும் வழியில் வெயில் ஏறிவிட்டது. முத்துக்கருப்பன்கூட வாயை மூடிக்கொண்டு ஓட்டினார். காசிம் மடியிலிருந்த கொட்டைகளில் ஒரு பிடி அள்ளி என் உள்ளங்கையில் போட்டான். வழவழவென்று, சூடாக இருந்தன.

"என்ன சிவப்பு பாருங்க வாப்பா! இந்தச் சிவப்புத்தான் முதல்ல அடியில வந்துச்சு. அதைத்தான் சொன்னேன்."

"ஆமாமா" என்றேன். கையைத் திருப்பித் திருப்பி வெயிலில் பிடித்துப் பார்த்தேன்.

எனக்கும் கொஞ்சம் சொல்லேன், அது எப்படி இருக்கும் என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை.