பலகை தெரிகிற படம்

மூடி கழன்றுவிடாமல் ரப்பர் வளையம் போட்ட அந்தப் பழைய கேமரா என் அலமாரியில்தான் இருக்கிறது. ஈப்போ நகரக் கடைத்தெருவில் படுத்துறங்குகிறவர்கள் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே படமெடுக்கட்டும் என்று எங்கள் சிறு குழு கொடுத்த கேமராக்களில் ஒன்று அது. அதை வாங்கிக்கொண்டவர் கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். தோட்டம் விற்கப்பட்டு, தொழிலாளர் குடியிருந்த லயத்து வீடுகள் இடிக்கப்பட்டபின் தெருவுக்கு வந்தவர். அண்ணன் என்றுதான் அவரைக் கூப்பிடுவேன்.

ஓர் இரும்புச் சாமான் கடையின் அஞ்சடியில், கடைமுன் கூரை போட்ட நடைபாதையில், படுப்பார். விடியுமுன் தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் போய் நின்று பேர் கொடுத்த உடம்பு. கடை திறப்பதற்கு வெகுநேரம் முன்பே எழுந்து, அட்டையை மடித்து, தரையைக் கூட்டித் தண்ணீர் தெளித்துவிடுவார். அங்கே ஓர் ஆள் தூங்குவது முதலாளிக்குத் தெரியவே தெரியாது. அந்த இடத்தைத்தான், மேலே கடையின் பெயர்ப்பலகை தெரிய, அண்ணன் படமெடுத்தார். படத்தில் பலகையை வெட்டிவிடலாம், முதலாளி பார்த்தால் வம்பு என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. தாப்பா ஊரில் கட்டிக்கொடுத்த மகளுக்கு, தெருவுக்கு வந்த வெட்கத்தில், அவர் முகமே காட்டியதில்லை.

“பலகைய வெட்டிட்டா நான் எங்க இருக்கேன்னு புள்ளைக்கு எப்படித் தெரியும் தங்கச்சி? நானா போய் நிக்க மாட்டேன். அதுவா தேடி வந்தா போவேன்லா.”

எடுத்தவர் சொல்வதே முடிவு என்பது எங்கள் வழக்கம். தமிழ் நாளிதழ் ஒன்றில் படம் பலகையோடு வந்தது. மகள் பார்க்குமுன் முதலாளி பார்த்துவிட்டார். அந்த வாரமே அஞ்சடிக்கு இரும்புக் கதவு போட்டார். நான் போய்க் கெஞ்சினேன். தீ கீ பிடித்தால் யார் பொறுப்பு என்று மரியாதையாகத்தான் கேட்டார்.

அண்ணன் கேமராவை எதிரிலிருந்த சாப்பாட்டுக் கடை பாயிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். “மக வந்தா, இங்கதான் இருந்தேன்னு சொல்லச் சொன்னாருமா,” என்றார் பாய்.

மகள் வந்தாள். நாளிதழ்த் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கதவின் கம்பிகளைப் பிடித்தபடி நின்றாள். பேருந்து நிலையம், கோயில், தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனை என்று இருவரும் தேடி அலுத்தோம். பாய் கொடுத்த கேமராவின் கடைசிப் படத்தில் இருந்ததும் அந்தக் கதவுதான். அதன் முன்னால் வெளித்தரை ஈரமாக இருந்தது.

“அப்பாதான். தண்ணி தெளிச்சிட்டுப் போயிருக்காரு,” என்றாள்.

இன்றும் அவள் கூப்பிட்டு, வந்தாரா அக்கா என்று கேட்கிறாள். கேமராவில் புது பேட்டரி போட்டு வைத்திருக்கிறேன். வந்தால் கொடுக்கலாம். ஆனால், பலகை தெரிய இன்னொரு படம் எடுக்க அவருக்கு எந்த இடம் இருக்கிறது?