என் பள்ளத்துக்குள் ஆறு வந்த விதம்

கான்காரர் என் காணியில் குப்புறப் படுத்து, கன்னத்தை மண்ணில் வைத்து, ஒரு கண்ணை மூடி நிலமட்டம் பார்த்துக்கொண்டு கிடந்த அந்தக் காலைநேரம் இப்பவும் கண்ணுக்குள் நிற்கிறது. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் மழைத்தண்ணி ஓடக் கான் வெட்டிய மனிசன். பெரியமடுப் பக்கம் குடியேறி, என்னிடம் கூலிவேலைக்கு வந்தவர்.

"என்ன, காணிக்குக் காய்ச்சலோ?" என்று கேட்டேன்.

"இல்லீங்க முதலாளி. ஆத்துல விழுற ஓடை நம்ம பக்கம் அரிச்சு அரிச்சு நடந்து வருது. போன மாரியில அந்தப் பாலை மரத்துக்கு அங்கிட்டுத்தான் இருந்துச்சு."

"வரட்டும், கதிரை போட்டு இருத்துறன்" என்று சிரித்தேன்.

மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். ஒருவரும் வேண்டாமென்ற பள்ளத்தை வாங்கி, வீடு கட்டி, வயலாக்கியவன் நான் ஒருத்தன்தான். நாலு பக்கமும் மேடு. பெய்த மழை வெளியே போகாது. தேங்கி நின்று வெயிலில் வற்றும். அவ்வளவும் என் தண்ணி. மாரிக்கு மாரி வண்டல் படிந்து பள்ளம் தூர்ந்ததையும், தண்ணி உயர உயர நின்றதையும் நான் பொருட்படுத்தவில்லை.

பிறகொரு மாரி விடாமல் கொட்டியது. தண்ணி வீட்டுக்குள் ஏறியது. நடக்கமாட்டாத என் மனுசியை மேசைமேல் கதிரை வைத்து இருத்தினேன். வெளியே ஆள் தாழும். நான் நீந்திப் போவேன். அவளை விட்டுப் போகேலாது. சுற்றியிருந்த மேடெல்லாம் கிணற்றுக்கட்டு மாதிரி நின்றது. ஓடைக்கும் பள்ளத்துக்கும் நடுவில் ஒரு வண்டில் அகல மண்தான் மிச்சம். கான்காரர் அதன்மேல் மண்வெட்டியோடு நின்று கத்தினார்: "முதலாளி, வெட்டவா?"

வெட்டினால் தண்ணி தாழ ஓடும் ஓடைக்குள் வடியும். ஆனால் பள்ளம் இனித் தண்ணி பிடிக்காது. "நில்லும், மழை விடும்!" என்றேன். மத்தியானமும் கேட்டார். அதையேதான் சொன்னேன். தண்ணி தன் காலைத் தொட்டதும் மனுசிதான் கத்தினாள்: "வெட்டுங்கோ அண்ணை! இந்த மனுசனுக்கு வயல்தான் பெண்சாதி!"

அவர் வெட்டவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஓம், வெட்டும்" என்றேன்.

அவர் வெட்டியது ஒரு முழம். மிச்சத்தைத் தண்ணியே பிய்த்துக்கொண்டு போனது.

பிறகு வயசுபோய்க் கான்காரரும் போய்ச் சேர்ந்துவிட்டார். என் பள்ளம் இப்போது ஆற்றில் ஒரு துண்டு. ஆறு பெருகினால் அதே வழியால் ஏறி உள்ளே வருகிறது. மூன்று தரம் அடைத்தேன். மூன்று தரமும் தின்றுவிட்டது. காணியை வாங்க ஆளில்லை, மனுசியைக் கொண்டுபோக வேறு இடமுமில்லை. ஒருவன் சொல்லையும் கேட்காமல் வளர்ந்தவன் நான். இங்கே வெயில் எரிக்கும்போது, ஆறு வரும் வழியான அனுராதபுரத்தில் மழை என்று ரேடியோ சொன்னால் எழும்பிப் போய் மனுசியின் கட்டில் உயரக் கால்களுக்குக் கீழே கல் அடுக்குகிறேன்.