மௌத்து வீட்டில் பொலிசுக்கு என்ன வேலை?

கல்முனைப் பொலிசில் நான் சேர்ந்து இரண்டாவது வருசம் அது. ஐம்பதுகளின் நடுப்பகுதி. காலை பத்து மணியளவில் மருதமுனைக் கிராமத் தலைவரான விதானையார் சைக்கிளை வாசலிலேயே போட்டுவிட்டு உள்ளே வந்தார். சேர்ட் முதுகோடு ஒட்டியிருந்தது.

"சார்ஜன் ஐயா, நெசவு ஆதம்பாவா மௌத்தாகிட்டான். நேத்துப் பின்னேரம் வரைக்கும் தறியில இரிந்தவன். பக்கத்து ஊட்டு உதுமான் கோப்பியில நஞ்சு போட்டுக் குடுத்திட்டான் எண்டு ஆதம்பாவாட காக்கா கத்திக்கிட்டு நிக்கான்."

எங்கள் சார்ஜன் மட்டக்களப்புப் பக்கத்து ஆள். அவசரப்படாதவர். விதானையார் சொன்னதைப் புத்தகத்தில் எழுதி முடித்த பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீ முன்னுக்குப் போ. பொணம் கிடக்கிற இடத்தில ஒருத்தரையும் புழங்க விடாத. அந்தக் கோப்பையக் கழுவ விடாத. ஆர் என்ன கதைச்சாலும் கேட்டு எழுது. கொறனர் ஐயா அக்கரைப்பற்றுக்கு ஒரு விசாரணைக்குப் போயிட்டார். நான் அவரையும் டொக்டரையும் கூட்டிக்கொண்டு வாறன். அதுமட்டும் அங்கயே நில்."

திடீர் மரண விசாரணை அதிகாரியைத்தான் நாங்கள் கொறனர் என்போம். காரணம் தெரியாமல் ஒருவர் திடீரென்று இறந்தால், அவர் வந்து பார்த்து உத்தரவு தரும்வரை உடலை அடக்க முடியாது. அவர் வரும்வரை பொலிஸ் அந்த வீட்டில் நிற்க வேண்டும். பயிற்சிப் பள்ளியில் இதை மனப்பாடம் செய்திருந்தேன். ஏன் நிற்க வேண்டும் என்று யாரும் சொல்லித்தரவில்லை, நானும் கேட்கவில்லை.

நான் சொன்ன ஒரு சொல்

ஆதம்பாவாவின் வளவுக்குள் நான் நுழைந்தபோது ஒழுங்கையில் ஒரு தறிச் சத்தமும் இல்லை. எப்போதும் மருதமுனையில் தெருவுக்குத் தெரு அந்தச் சத்தம் கேட்கும். அன்று எல்லோரும் தறியை விட்டு எழுந்து வந்திருந்தார்கள்.

சிறிய வீடு. வீட்டோடு ஒட்டி, தென்னங்கிடுகால் வேய்ந்த தறிக் கொட்டில். ஆதம்பாவா இரவில் காற்றுக்காக அந்தக் கொட்டிலில்தான் பாய் விரித்துப் படுப்பாராம். அதே பாயில்தான் இறந்து கிடந்தார். நாற்பது வயது இருக்கும். உடம்பில் ஒரு காயம் இல்லை. பாயருகே வாந்தி. தறிக்குப் பக்கத்தில் பூப்போட்ட கோப்பை ஒன்று, அடியில் கொஞ்சம் கோப்பி மிச்சம்.

அது பக்கத்து வீட்டுக் கோப்பை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு கிடுகு வேலி, அதில் ஆள் குனிந்து போகிற அளவுக்கு ஒரு கடவை. பக்கத்து வீட்டு உதுமான் நூலுக்குச் சாயம் போடுகிறவர். அவருடைய சாயத் தண்ணீர் ஆதம்பாவாவின் கிணற்றடிக்கு ஓடி வருகிறது என்று முதல்நாள் பின்னேரம் பெரிய சண்டை நடந்திருக்கிறது. "நீ மௌத்தானாலும் நான் வாய்க்கால மாத்தமாட்டன்" என்று உதுமான் கத்தியதை ஒழுங்கை முழுக்கக் கேட்டிருக்கிறது. மறுநாள் காலையில் அவரே கோப்பியோடு கடவையால் வந்திருக்கிறார். குடித்துக் கொஞ்ச நேரத்தில் ஆதம்பாவா வாந்தியெடுத்து, மூச்சு முட்டி இறந்துவிட்டார்.

நான் கொட்டிலின் தட்டியை இழுத்துக் கட்டிவிட்டு, தொப்பியைச் சரி செய்து கொண்டு, கையில் பெற்றன் தடியோடு வாசலில் நின்றேன். சிறைச்சாலை வாசலில் நிற்பதைப் போலத்தான் நின்றிருப்பேன்.

பெண்கள் மையத்தை, அதாவது இறந்தவரின் உடலை, குளிப்பாட்டத் தண்ணீர் சுட வைத்திருந்தார்கள். ஒரு வயதான மனிசி விளக்குமாற்றோடு வந்தார்.

"தம்பி, அந்தத் தட்டியக் கொஞ்சம் திறங்க. சத்தி எடுத்துக் கிடக்கி. கூட்டித் துடைச்சிட்டு மையத்த எடுக்கோணும்."

"ஏலா. ஒருத்தரும் உள்ள போகப்படாது."

இறந்தவரின் காக்கா, அதாவது அண்ணன், மீராசாய்வு முன்னுக்கு வந்தார். "என்ட தம்பிர மௌத்து ஊட்டில பொலிசுக்கு என்ன வேலை? குத்தம் செஞ்சவன் அந்த ஊட்டில இரிக்கான். நீங்க என்னத்துக்கு எங்கட வாசல்ல நிக்கிறீங்க?"

அதற்கு நான் சொன்ன பதிலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கம்.

"இது கொலைக் கேஸ். சட்டத்தில குறுக்க வராதீங்க."

யார் சொன்னது அதைக் கொலை என்று? கொறனர் வரவில்லை, டொக்டர் வரவில்லை. இருபத்திரண்டு வயதுப் பொலிஸ்காரன், காக்கி உடுப்பின் பலத்தில் சொல்லிவிட்டேன். அந்தச் சொல் வாசலிலிருந்து ஒழுங்கைக்குப் போக ஒரு நிமிசம் எடுக்கவில்லை. "கொலைதானாம். பொலிசே சொல்லிட்டான்."

ஐந்தாறு இளந்தாரிகள் தறிக் கட்டைகளைத் தூக்கிக் கொண்டு வேலிப் பக்கம் போனார்கள். அந்தப் பக்கம் உதுமானின் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே ஒரு பெண் உரக்க அழுகிற சத்தம்.

சார்ஜன் என்னைக் காவலுக்கு அனுப்பியது ஒரு வீட்டுக்கு. இப்போது என் கண் முன்னால் இரண்டு வீடு, நான் ஒரே ஆள். உதுமான் வீட்டு வாசலுக்கு ஓடினால் கொட்டிலைத் திறந்துவிடுவார்கள். இங்கேயே நின்றால் அங்கே கதவை உடைப்பார்கள். யோசிக்க நேரமில்லை. வேலிக் கடவையில் போய்க் குறுக்காக நின்றேன். அங்கிருந்து கொட்டில் தட்டியும் தெரிந்தது, உதுமானின் கதவும் தெரிந்தது.

முன்னால் வந்தவன் என்னைவிட உயரம். "ராளாமி, விலகுங்க" என்றான்; பொலிஸ்காரரை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். நான் விலகவில்லை.

மரைக்காயர் கேட்ட கேள்வி

அந்த நேரத்தில்தான் பள்ளிவாசல் நிர்வாகியான மரைக்காயர் வந்தார். மெலிந்த மனிதர், குரலும் மெல்லியது. அவரைக் கண்டதும் கட்டைகள் கீழே இறங்கின. அவர் இளந்தாரிகளை ஒன்றும் சொல்லவில்லை, நேரே என்னிடம் வந்தார்.

"மகன், நீங்க ஏன் நிக்கிறீங்க எண்டு இவங்களுக்குச் சொன்னீங்களா?"

"கேஸ் எண்டு சொன்னன்."

"அது இல்ல. ஏன் நிக்கிறீங்க?"

எனக்கே அப்போதுதான் விளங்கியதை என் வாயால் சொன்னேன். பெற்றனை வேலியில் சாத்திவிட்டு, எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன்.

"நான் ஒருத்தரையும் பிடிக்க வரல்ல. கொலை எண்டு நான் சொன்னது பிழை. என்ன நடந்த எண்டு எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. தெரிஞ்சவர் மௌத்தான ஆதம்பாவா காக்கா ஒராள்தான், அவரால இனிக் கதைக்க ஏலா. அவர்ட உடம்பும், அந்தப் பாயும், அந்தக் கோப்பையும்தான் சொல்லோணும். இப்ப கூட்டித் துடைச்சா அதுகளும் ஒண்டும் சொல்லாது. மறுகா நஞ்சு எண்டு சொல்றவருக்கும் அத்தாட்சி இல்ல, இல்ல எண்டு சொல்றவருக்கும் அத்தாட்சி இல்ல. உதுமான் காக்கா சாகும் வரைக்கும் கொலைகாரன் எண்ட பேரோட இரிப்பார். அதுக்காகத்தான் நிக்கிறன்."

மீராசாய்வு கேட்டார், "வெட்டுவாங்களா?"

அதுதான் அந்த வீட்டின் பெரிய பயம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மையத்தைச் சுணக்காமல் அடக்க வேண்டும், அதன் மேல் கத்தி படக்கூடாது. காலையிலிருந்து அவர்கள் என்னோடு மல்லுக்கட்டியது இதற்காகத்தான்.

"அது டொக்டரும் கொறனரும் முடிவெடுக்கிறது. நான் வாக்குத் தர ஏலா. ஆனா நீங்க கபுறு வெட்டுங்க, கபன் துணிய ஆயத்தப்படுத்துங்க. அதுக்குத் தடையில்ல. உத்தரவு வந்த உடனே தூக்கலாம்."

மரைக்காயர் தலையசைத்தார். மூன்று பேரைக் குழி தோண்ட மண்வெட்டியோடு மையவாடிக்கு அனுப்பினார். கட்டை தூக்கியவர்களில் இரண்டு பேர் அதில் போனார்கள். யாரோ எனக்கு ஒரு கதிரை கொண்டுவந்து கடவையில் வைத்தார்கள்.

கிடுகுக்குப் பின்னால் கேட்ட குரல்

மதியத்து லுஹர் தொழுகை முடிந்தது. வெயில் கொளுத்தியது. நான் இருந்த இடத்துக்குப் பின்னால் வீட்டின் கிடுகு மறைப்பு. ஆதம்பாவாவின் மனைவி றாவியா அதற்கு அந்தப் பக்கம் இருந்தார். கணவனை இழந்தவர், இத்தா என்ற துக்க மறைவில் இருக்கிறவர், அந்நிய ஆண் அவரைப் பார்க்கக் கூடாது. அதனால் அவரிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. எப்படிக் கேட்பது என்றும் தெரியவில்லை.

காலையில் நான் வாசலில் விறைத்துக் கொண்டு நின்றபோது உள்ளே அழுகை மட்டும்தான் கேட்டது. இப்போது நான் சும்மா இருந்தேன். இரண்டு மணித்தியாலம் போனதும் நான் அங்கே இருப்பதையே அவர்கள் மறந்துவிட்டார்கள் போல. றாவியா தன் அக்காவிடம் கதைப்பது கேட்டது.

"சுபஹுக்கு எழும்பேக்க, கண் மடலத் தூக்க ஏலாம இரிக்கி எண்டார், ராத்தா. வயித்துக்குள்ள குத்துது எண்டும் சொன்னார். நான் நித்திர முறியல்லாக்கும் எண்டு பகிடி பண்ணினன். நான் பகிடி பண்ணினன், ராத்தா..."

நான் குறிப்புப் புத்தகத்தை எடுத்தேன். மறைப்புப் பக்கம் திரும்பாமல், ராத்தாவுக்குச் சொல்வது போலக் கேட்டேன்.

"ராத்தா, ஒண்டு கேட்டுச் சொல்லுங்க. கண் மடல் தூக்க ஏலா எண்டு சொன்னது, கோப்பி குடிக்க முந்தியா, பிந்தியா?"

பதிலாக றாவியாவின் குரலே வந்தது.

"முந்தி. அவர் சொல்லக்க விடியல்ல. உதுமான் காக்கா கோப்பி கொண்டுவந்தது வெயில் வந்தாப் பிறகு. கோப்பைய அவரால சரியாப் பிடிக்கவும் ஏலாமப் போச்சி."

முற்றத்தில் இருந்தவர்கள் எல்லோருக்கும் அது கேட்டது. மீராசாய்வு மண்ணைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

நான் கடவையிலிருந்தபடியே உதுமானைக் கூப்பிட்டேன். கதவு ஒரு சாண் திறந்தது. முகம் வெளிறிப் போயிருந்தது. "எத்தின மணிக்கிக் கோப்பி குடுத்தீங்க?" என்று கேட்டேன்.

"மணி தெரியா, ராளாமி. கிணத்துக் கட்டில வெயில் பட்டிரிந்தது. நேத்துக் கதைச்சது பிழை, வாய்க்கால மாத்திறன் எண்டு சொல்லத்தான் போனன்." சொல்லிவிட்டு அந்த மனிதர் நிலைப்படியிலேயே குந்திவிட்டார்.

இரண்டு பேர் சொன்னதையும் எழுதிக் கொண்டேன்.

மூன்று மணிக்குப் பிந்தித்தான் கொறனரும் டொக்டரும் சார்ஜனோடு வந்தார்கள். என் குறிப்பை டொக்டர் வாசித்தார். கண் மடல் என்ற இடத்தில் நிறுத்தி, "எங்கே படுத்தவர்?" என்று கேட்டார். பாயைக் காட்டினேன். உடம்பை ஒரு அங்குலம் விடாமல் பார்த்தார். இடது முழங்கைக்குப் பின்பக்கம் ஊசி குத்தியது போல இரண்டு புள்ளி. வீக்கம் இல்லை, இரத்தம் இல்லை. தெரிந்து தேடாவிட்டால் கண்ணில் படாது.

"கட்டு விரியன்" என்றார். "கடிச்சது நித்திரையில் தெரிந்திராது. கண் மடல் விழுந்தது அதன் நஞ்சால்தான்."

நீண்ட கம்பால், பாயருகே மூலையில் கிடந்த நூல் கட்டுகளை ஒவ்வொன்றாக விலக்கினோம். மூன்றாவது கட்டுக்கு அடியில் அந்தப் பாம்பு சுருண்டு கிடந்தது. மினுமினுத்த கறுப்பு, வெள்ளை வளையம். காலையில் விளக்குமாற்றோடு வந்த அந்த மனிசி, "யா அல்லாஹ்" என்று வாயைப் பொத்திக்கொண்டார். நான் தட்டியைத் திறந்துவிட்டிருந்தால் அந்த மூலையைத்தான் அவர் முதலில் கூட்டியிருப்பார்.

கோப்பி மிச்சத்தைக் குப்பியில் அடைத்து முத்திரை வைத்து, பரிசோதனைக்குக் கொழும்புக்கு அனுப்பினோம். அதில் ஒன்றுமில்லை என்று பிறகு பதில் வந்தது. உடலை வெட்டத் தேவையில்லை என்று டொக்டர் சொன்னார். கொறனர் அங்கேயே உத்தரவு எழுதிக் கொடுத்தார்.

பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு ஜனாஸா புறப்பட்டது. மையத்தை வைத்த சந்தூக்கைத் தூக்கும் நேரத்தில் மீராசாய்வு கடவைக்கு வந்தார். நான் கதிரையை நகர்த்தி வழிவிட்டேன். அவர் குனிந்து அந்தப் பக்கம் போய், உதுமானின் கதவுக்கு முன்னால் நின்றார். மன்னிப்பு என்று ஒரு சொல் சொன்னதாக நான் கேட்கவில்லை.

"உதுமான், வா. ஒரு தோள் குறையிது" என்றார்.

முன்பக்க மரத்தில் ஒன்று உதுமானின் தோளில் ஏறியது. பொழுது சாயும் மஃரிபுக்கு முன்னதாகவே அடக்கம் முடிந்தது. நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு கல்முனைக்குத் திரும்பினேன். கொலைக் கேஸ் என்று நான் சொன்னதைச் சார்ஜனிடம் மறைக்காமல் சொன்னேன். அவர் ஏசவில்லை. "இனிமேல் காரணத்தைச் சொல்லு, முடிவைச் சொல்லாத" என்றார்.

சில மாதம் கழித்துக் கல்முனைச் சந்தையில் உதுமானைக் கண்டேன். கைகள் இரண்டும் முழங்கை வரை நீலச் சாயம். என்னை நிற்க வைத்துச் சொன்னார்.

"அண்டைக்கி நஞ்சு குடுத்த நீயா எண்டு எல்லாரும் கேட்டாங்க, ராளாமி. எத்தின மணிக்கிக் குடுத்த எண்டு நீங்க ஒராள்தான் கேட்டீங்க."

அதற்குப் பிறகு முப்பது வருசத்துக்கு மேல் பொலிசில் இருந்தேன். பொத்துவில் வரை எத்தனையோ மரண வீடுகளில் காவல் நின்றேன். போனவுடன் தொப்பியைக் கழற்றிவிட்டு முதலில் இதைத்தான் சொல்வேன்: "நான் ஒருத்தரையும் பிடிக்க வரல்ல. என்ன நடந்த எண்டு தெரியுமட்டும் ஒண்டும் அழியாமப் பாத்துக்க வந்தன்." பிறகு ஒரு கதிரை கேட்டு வாங்கி, வாயை மூடிக்கொண்டு இருப்பேன். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்கள் காவல் என்றால் தடுப்பது என்று நினைக்கிறார்கள். தடுப்பது அதில் பாதிதான். மிச்சப் பாதி, அந்த வீட்டார் கதைக்கத் தொடங்கும்வரை பொறுமையாக இருப்பது.